கொக்காவில் பாடம்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டப் பாடசாலைகளில் வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு,



ஒரு கோரிக்கையோடு வருகிறேன். கேட்டவுடன் உங்களில் பலருக்குப் பிடிக்காது என்று தெரிந்தே வருகிறேன். தரம் 10, 11 பிள்ளைகளுக்குச் சாலிய அலதெனிய என்ற இலங்கை இராணுவ அதிகாரியைப் பற்றி ஒரு பாடம் நடத்துங்கள். சிங்க ரெஜிமென்டின் மூன்றாவது பற்றாலியனைச் சேர்ந்தவர். 1990 ஜூலை 11 அன்று கொக்காவில் முகாமில் இறந்தவர். பரம வீர விபூஷணய என்ற, இந்த நாட்டின் போர்க்கால வீரத்துக்கான அதியுயர் விருது இறந்தபின் வழங்கப்பட்டவர். தெற்கில் அவர் பெயரைத் தெரியாத பாடசாலைப் பிள்ளைகள் குறைவு. அவர் இறந்த மண்ணில் படிக்கும் பிள்ளைகளில் அந்தப் பெயரைக் கேட்டவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

இடத்தை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஏ9 வீதியில் மாங்குளம், பனிக்கன்குளம் தாண்டி, முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் அடித்துக் கச்சான் வாங்க பஸ் நிற்பதற்குச் சற்று முன்னால் வரும் இடம். இன்று அங்கே நிற்பது 174 மீற்றர் உயர ஒலிபரப்புக் கோபுரம். 2011 ஜூன் 6 அன்று திறந்தார்கள். பிள்ளைகளுக்கு அது வெறும் 'ரவர்'. அதற்கு முன்னால் அதே இடத்தில் ரூபவாஹினியின் அஞ்சல் கோபுரம் ஒன்று இருந்ததும், அதைக் காக்கத்தான் அங்கே ஒரு சிறு முகாம் போடப்பட்டதும் அவர்களுக்குத் தெரியாது. இளம் ஆசிரியர்கள் சிலருக்குமே தெரியாது. அவர்கள் பிறந்தது அதற்குப் பிறகு.

1990-ஐ ஒரு தனி ஆண்டாகவே கற்பிக்க வேண்டும் என்பது என் எண்ணம். மார்ச் 24 அன்று இந்திய அமைதிப்படையின் கடைசிக் கப்பல் திருகோணமலையை விட்டுப் போனது. பிரேமதாச அரசும் விடுதலைப் புலிகளும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஜூன் 11 அன்று கிழக்கில் பொலிஸ் நிலையங்கள் சூழப்பட்டன. சரணடைந்த பொலிஸார் நூற்றுக்கணக்கில் புலிகளால் கொல்லப்பட்டார்கள். போர் மீண்டும் பற்றியது. வடக்கில் யாழ்ப்பாணக் கோட்டை முற்றுகைக்குள் போனது. ஏ9 வழியெங்கும் ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் கிடந்த முகாம்கள் ஒவ்வொன்றாகத் தனித்துப்போயின. செப்டம்பரில் சத்துருக்கொண்டானில் தமிழ்ப் பொதுமக்கள் வெட்டியும் சுட்டும் கொல்லப்பட்டார்கள். ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் எழுபத்தையாயிரம் பேரளவில் வீடுவாசலை விட்டு விரட்டப்பட்டார்கள். முல்லைத்தீவு மாவட்டத்து முஸ்லிம்களும் அதில் அடக்கம். ஒரே ஆண்டு. எந்தத் தரப்பும் கை கழுவிக்கொண்டு வெளியே வரமுடியாத ஆண்டு. பாடநூல் இதையெல்லாம் தொடாமலே நகர்ந்துவிடுகிறது என்று நீங்கள் சொல்வீர்கள். தொடாத இடத்தைத் தொடத்தான் ஆசிரியர் இருக்கிறார்.

இனிக் கொக்காவில். முகாமில் இருந்தவர்கள் ஏறத்தாழ அறுபது பேர். தலைமை தாங்கியவர் இருபதுகளில் இருந்த ஒரு லெப்டினன்ட். 'கப்டன்' என்பது பின்னால் வந்தது. அதற்குப் பிறகு வருகிறேன். ஜூன் நடுப்பகுதியிலிருந்து முகாம் சூழப்பட்டது. தெற்கே மாங்குளம் முகாமும் வடக்கே கிளிநொச்சி முகாமும் தங்களையே காத்துக்கொள்ளப் பாடுபட்டன. வீதி மூடிவிட்டது. இனி எது வந்தாலும் வானத்தால்தான் வரவேண்டும். தாழப் பறக்கும் ஹெலிக்குச் சுற்றியுள்ள காட்டிலிருந்து சூடு விழும். உயரத்தில் பறந்து போடும் பொதி கம்பி வேலிக்கு வெளியே விழும்.

மாதம் ஜூன், ஜூலை. வன்னியில் சோளகம் வீசும் காலம் எப்படி இருக்கும் என்று உங்கள் வகுப்பில் இருக்கும் எந்தக் கமக்காரன் வீட்டுப் பிள்ளையும் சொல்லும். குளம் வற்றித் தரை பிளந்து கிடக்கும். மழை என்ற பேச்சே இல்லை. அந்த வெயிலில், மண் மூட்டை அடுக்கிய காவலரண்களுக்குள், அறுபது பேருக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்ற கேள்வியை முதலில் பிள்ளைகளிடம் கேளுங்கள். துவக்கு, ஷெல் பற்றி அவர்கள் பிறகு கேட்கட்டும். கொக்காவிலைப் பற்றித் தெற்கில் எழுதப்பட்ட எதை எடுத்தாலும் தண்ணீர்த் தட்டுப்பாடு அதில் இருக்கிறது.

காலாட்படை அதிகாரி என்றால் முன்னால் ஓடிச் சுடுகிறவர் என்று சினிமா நமக்குப் பழக்கிவிட்டது. சூழப்பட்ட முகாமில் அவருடைய வேலை பெரும்பாலும் கணக்கு வேலை. ஒரு காவலரணுக்கு எத்தனை ரவை மிச்சம். வோக்கியின் பற்றறி எத்தனை நாள் தாங்கும். யார் இரண்டு இரவாகத் தூங்கவில்லை. எந்தப் பக்கச் சென்றியில் ஆள் குறைத்தால் எந்தப் பக்கத்தை நிரப்பலாம். காயக்காரனின் கால் அழுகத் தொடங்கினால் மருந்து எங்கே. இதையெல்லாம் செய்துகொண்டே, நாளைக்கு உதவி வரும் என்று தனக்கே நம்பிக்கை இல்லாத ஒன்றை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டும் இருக்க வேண்டும். நடுவில் நிற்கும் கோபுரமோ நாலா பக்கத்துக் காட்டிலிருந்தும் தெரியும். குறிபார்க்க வருபவனுக்கு அதைவிட வேறு அடையாளம் வேண்டாம். மின்சாரமே நின்றுபோன வடக்கில் யாரும் பார்க்காத ஒரு தொலைக்காட்சிக் கோபுரம் அது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

ஜூலை முதல் வாரம் கடந்தபோது காயப்பட்டவர்கள் பலர். ரவை முடிந்துகொண்டிருந்தது. உதவிப் படை வந்து சேரவில்லை. இருட்டோடு இருட்டாகக் காட்டுக்குள் இறங்கி வெளியேறும் வழி ஒன்று இருந்தது, நடக்கக்கூடியவர்களுக்கு மட்டும். தெற்கின் பதிவுகளில் திரும்பத் திரும்ப வருவது இந்த இடம்தான்: வெளியேறலாம் என்று மேலிடத்திலிருந்து சொல்லப்பட்டும், நடக்க முடியாதவர்களை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று அலதெனிய வோக்கியில் மறுத்தார். ஜூலை 11 இறுதித் தாக்குதலில் முகாம் விழுந்தது. அதே ஆண்டு நவம்பரில் மாங்குளமும் விழுந்தது. அதன் பிறகு பதினெட்டு ஆண்டுகள், 2008 டிசம்பர் முதலாம் திகதி வரை, கொக்காவில் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. இடையில் 1997 மே மாதம் வவுனியாவிலிருந்து ஏ9-ஐத் திறக்கக் கிளம்பிய 'ஜயசிக்குறு' நடவடிக்கை பதினெட்டு மாதத்துக்கு மேல் இழுபட்டும் கொக்காவிலை எட்டவில்லை. 1998 செப்டம்பர் கடைசியில் மாங்குளத்தைப் பிடித்த கையோடு கிளிநொச்சியை இழந்தார்கள்.

இந்தக் கதை தெற்கில் ஒரு விதமாகவும் இங்கே ஒரு விதமாகவும் வாழ்கிறது. தெற்கில் அது ஒரு மனிதனின் கதை. அங்கே முற்றுகைக்கு முன்னும் பின்னும் ஒன்றும் இல்லை. இளைஞன், வோக்கி, மறுப்பு, மரணம், விருது. இங்கே அது மனிதரே இல்லாத கதை. 'கொக்காவில் முகாம் தகர்ப்பு' என்ற ஒரு வரி. முகாம் என்றால் மண் மூட்டையும் கம்பியும் மட்டும்தான் என்பதுபோல. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே பாதிப் பாடம் முடிந்துவிடும். அவர்கள் கதையில் இல்லாதது என்ன, நமது கதையில் இல்லாதது என்ன என்று பிள்ளைகளே எழுதிவிடுவார்கள்.

மீதிப் பாதிதான் எனக்கு முக்கியம். அது விருதைப் பற்றியது.

வீர விருது ஒன்றைக் கண்டால் அதற்கு மேலே பார்க்கப் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள். விருது வாங்கியவருக்கு மேலே, அவருக்கு உத்தரவு கொடுத்தவருக்கு மேலே. திட்டம் சரியாக நடந்த இடத்தில் பெரிய வீரத்துக்கு வேலை குறைவு. அது தேவைப்படுவது பெரும்பாலும் வேறு யாரோ செய்த பிழையின் விளிம்பில். 1879 ஜனவரி 22 அன்று தென்னாபிரிக்காவில் இசாண்டில்வானா என்ற இடத்தில் சூலு படையிடம் பிரித்தானியர் ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்டவர்களை இழந்தார்கள். எதிரியைக் குறைத்து மதித்துப் படையைப் பிரித்து வைத்த தளபதியின் பிழை அது. அதே நாள் பின்னேரம், அங்கிருந்து அதிகத் தூரமில்லாத ரோர்க்ஸ் டிரிஃப்ட் என்ற மிஷன் வளவில் நூற்றைம்பது பேரளவில் இரவு முழுக்க நின்று பிடித்தார்கள். அந்த ஓர் இரவுக்குப் பதினொரு விக்டோரியா சிலுவைகள். இங்கிலாந்து எந்த இடத்தைப் பற்றி அதிகம் பேசியது என்று சொல்ல வேண்டியதில்லை. பதினொரு பேரும் நிஜமாகவே நின்றவர்கள்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர்கள் மார்பில் குத்திய பதக்கங்களின் மினுக்கத்தில் மேலே இருந்த தளபதியின் பிழை கண்ணுக்குத் தெரியாமல் போனது.

கொக்காவிலை அந்தக் கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள். அறுபது பேரை ஒரு கோபுரத்தடியில் வைத்த முடிவு யாருடையது? தரைவழி மூடிவிட்டது என்று தெரிந்த பிறகும் ஏறத்தாழ ஒரு மாதம் அவர்களை அங்கேயே இருக்கவிட்டது ஏன்? எல்லாரும் நடக்கக்கூடியவர்களாக இருந்த முதல் வாரத்திலேயே 'வெளியேறுங்கள்' என்று சொல்லியிருந்தால் அந்த லெப்டினன்ட் தன் காயக்காரர்களுக்கும் தன் உயிருக்கும் இடையில் தெரிவு செய்ய வேண்டி வந்திருக்குமா? கொழும்பிலிருந்து இந்தக் கேள்விகள் உரத்துக் கேட்கப்படவில்லை. கேட்கத் தேவையில்லாமல் போனதற்கு அலதெனியவின் விருதும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். இறந்தவரைக் குறைத்துச் சொல்லவில்லை. இருந்தவர்கள் அவருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள் என்கிறேன்.

ஓராண்டு கழித்து, 1991 ஜூலையில், ஆனையிறவிலும் இதுவே நடந்தது. இரும்புத் தகடு அடித்த புல்டோசர் ஒன்றின் மீது கைக்குண்டுகளோடு ஏறி இறந்த காமினி குலரத்னவும் சிங்க ரெஜிமென்ட்காரர்தான், அதே விருதுதான். 'ஹசலக காமினி' என்று பெயர். இன்று ஆனையிறவில் அந்தப் புல்டோசரோடு அவருக்கு நினைவுச் சின்னம் நிற்கிறது. தெற்கிலிருந்து வரும் பஸ்கள் நின்று போகின்றன. அதே ஆனையிறவு 2000 ஏப்ரலில் எப்படி விழுந்தது, அப்போது உத்தரவு கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் யார் என்று அங்கே ஒரு பலகையும் சொல்லாது.

இதை நம் பக்கத்துக்கும் திருப்பாவிட்டால் பாடம் பாதியில் நின்றுவிடும். அலதெனியவுக்குக் 'கப்டன்' என்ற தரம் இறந்த பிறகு வந்தது. புலிகள் இயக்கத்திலும் லெப்டினன்ட், கப்டன், மேஜர் எல்லாம் பெரும்பாலும் இறந்த பிறகு வந்தவைதான். 1987 ஜூலை 5 அன்று நெல்லியடி மத்திய மகா வித்தியாலயத்தில் இருந்த படை முகாமுக்குள் வெடிமருந்து லொறியை ஓட்டிச் சென்ற வல்லிபுரம் வசந்தன், 'கப்டன் மில்லர்' ஆனது அப்படித்தான். இரண்டு கப்டன்கள். ஒருவர் இடத்தைக் காக்க, ஒருவர் இடத்தை உடைக்க. இருவர் பெயருக்கும் முன்னால் அந்தச் சொல்லை வைத்தவர்கள் உயிரோடு இருந்து அடுத்தவரைத் தெரிவு செய்துகொண்டிருந்தார்கள். தரம் எதற்குக் கொடுக்கப்படுகிறது, யார் கொடுக்கிறார், அது வீட்டாரை என்ன கேள்வி கேட்கவிடாமல் தடுக்கிறது என்று இரு பக்கத்தையும் ஒரே மேசையில் வைத்துக் கேட்கும் துணிவு நமது வகுப்பறைக்கு இருக்கட்டும். நம் பிள்ளைகள் கேட்பார்கள். கட்டாய ஆட்சேர்ப்பில் அண்ணனையோ சித்தியையோ கொடுத்த வீடுகளிலிருந்து வருகிற பிள்ளைகள் அவர்கள்.

உங்கள் மறுப்பு எனக்குக் கேட்கிறது. எங்கள் துயிலும் இல்லங்களை உழுது போட்டார்கள். கனகபுரத்தில் கல்லறைத் துண்டுகளைக் குவித்துவைத்துத்தான் 2016-க்குப் பிறகு விளக்கேற்ற முடிந்தது. 2009-இன் முதல் மாதங்களில் கொல்லப்பட்ட பொதுமக்கள் நாற்பதாயிரம் வரை இருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011-இல் எழுதியதை இந்த அரசு ஒருநாளும் ஏற்கவில்லை. புதுக்குடியிருப்பில் அவர்களுக்கு வெற்றிச் சின்னம். கிளிநொச்சியில் ஷெல் துளைத்த கொங்கிறீற் கட்டியில் தாமரை. இவ்வளவையும் சுற்றிப் பார்த்துவிட்டுப் பாடசாலைக்கு வருகிற பிள்ளைக்கு, இன்னும் ஓர் ஆமிக்காரரின் கதையை நாங்கள் வேறு சொல்ல வேண்டுமா?

சொல்ல வேண்டும் என்பேன். அவர்களுக்காக அல்ல. கொக்காவிலில் இறந்தவர்கள் வானத்திலிருந்து விழவில்லை. நமது காட்டில், நமது சோளகத்தில், நமது தண்ணீருக்கு ஏங்கி இறந்தார்கள். இந்த மண்ணில் நடந்தது எல்லாம் இந்த மண்ணின் வரலாறு. அதில் ஒரு பகுதியைச் சொல்லும் உரிமையைத் தெற்கிலிருந்து வரும் சுற்றுலா வழிகாட்டியிடம் விட்டுவிட்டு, மற்றப் பகுதிக்கு மட்டும் நாம் சொந்தம் கொண்டாட முடியாது. அவர் சொல்வது பிழை என்று சொல்லக்கூட, சரியானது தெரிந்திருக்க வேண்டும்.

எதிரியின் வீரத்தை ஏற்பது தோல்வி அல்ல என்பதற்கு இந்தத் தீவிலேயே பழைய சாட்சி உண்டு. எல்லாளனை அநுராதபுரத்தில் வென்ற துட்டகைமுனு, அவருக்கு மரியாதையோடு தீமூட்டி நினைவுச் சின்னம் எழுப்பி, அதைக் கடந்து போகிறவர்கள் வாத்தியங்களை நிறுத்த வேண்டும் என்று கட்டளையிட்டதாக மகாவம்சம் சொல்கிறது. எழுதியவர்கள் நம் பக்கத்தவர் அல்ல. வென்றவனைப் புகழ எழுதப்பட்ட நூல். ஆனால் அந்தச் செய்தியை விடாமல் எழுதினார்கள். அந்தக் கட்டளையைத் துட்டகைமுனுவின் பெயரைச் சொல்லி வாக்குக் கேட்பவர்களே இன்று மறந்துவிட்டார்கள் என்பது வேறு கதை. 2007-இல் புலிகள் அநுராதபுரம் வான்படைத் தளத்தைத் தாக்கிய நடவடிக்கைக்கு எல்லாளன் என்று பெயர் வைத்தபோது இரு தரப்புமே பழைய கதையின் சண்டையை மட்டும் எடுத்துக்கொண்டு மரியாதையை விட்டுவிட்டார்கள்.

ஒட்டுசுட்டான் பக்கம், கற்சிலைமடுவில் ஒரு கல் இருக்கிறது. உங்களில் பலர் பிள்ளைகளைக் கூட்டிச் சென்றிருப்பீர்கள். பண்டாரவன்னியனின் நினைவுக் கல் என்று சொல்கிறோம். ஆனால் அந்தக் கல்லை நட்டவர்கள் பிரித்தானியர். 1803 ஓகஸ்ட் 25 அன்று முல்லைத்தீவுக் கோட்டையைப் பண்டாரவன்னியனிடம் பறிகொடுத்த கப்டன் வொன் டிறிபேர்க், அதே ஆண்டு ஒக்டோபர் 31 அன்று இந்த இடத்தளவில் அவரைத் தோற்கடித்தார் என்பதைத்தான் அந்தக் கல் சொன்னது. அதாவது அது ஒரு காலாட்படை அதிகாரியின் வெற்றிக் கல். அவருடைய வெற்றியைப் பறைசாற்ற நட்டதை, பின்னால் நாம் தோற்றவருக்காகப் பூ வைத்து வணங்கும் கல்லாக மாற்றிவிட்டோம். வன்னியில் கல் நடுகிறவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. கல்லில் வென்றவர் எதையும் எழுதலாம். யார் வந்து நிற்பார்கள், யாரை நினைத்து நிற்பார்கள் என்பதை அவரால் எழுத முடியாது. கொக்காவிலிலும் ஒரு நினைவுச் சின்னம் உண்டு. பிள்ளைகளுக்குச் சொல்வதைச் சொல்லிக் கூட்டிச் சென்றால், வைத்தவர்கள் நினைக்காத கேள்விகளோடு அவர்கள் அங்கே நிற்பார்கள்.

இந்திய இராணுவத்தில் இருந்த ஒரு தமிழர் பெயரையும் சொல்லிவிடுகிறேன், 'நம்மவர்', 'அவர்கள்' என்ற பிரிப்பு எவ்வளவு இலகுவில் குழம்பிவிடும் என்று காட்ட. மேஜர் இராமசாமி பரமேஸ்வரன், மும்பாயில் பிறந்தவர், மகார் ரெஜிமென்ட்டின் எட்டாவது பற்றாலியன். 1987 நவம்பர் 25 அன்று உடுவில் பக்கம் கந்தரோடையில் புலிகளின் பதுங்கித் தாக்குதலில் இறந்தார். அமைதிப்படையிலிருந்து பரம வீர சக்கரம் பெற்ற ஒரே ஒருவர் அவர். யாழ்ப்பாணத்தில் அவரைப் பேசுவாரில்லை. தமிழ்நாட்டிலும் பெரிதாக இல்லை. எந்தப் பட்டியலில் போடுவது என்று தெரியாததால் எல்லாரும் விட்டுவிட்டோம்.

காணாமற்போனவர்களைப் பற்றிப் பேசாமல் இந்தப் பாடத்தை முடிக்க முடியாது. 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவிலடியில் உட்காரத் தொடங்கிய அம்மாக்களை உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும்; சிலருக்கு அது சொந்த அம்மம்மா. பரணகம ஆணைக்குழுவுக்கு வந்த முறைப்பாடுகளில் ஏறத்தாழ ஐயாயிரம் காணாமற்போன படையினருடைய குடும்பங்கள் கொடுத்தவை என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்களில் பலர் காணாமற்போனது இந்த வன்னியில். 1996 ஜூலையில் முல்லைத்தீவு முகாமில் ஆயிரத்து நூறுக்கு மேற்பட்ட படையினர் கொல்லப்பட்டபோதும், 1998 செப்டம்பர் 27 அன்று கிளிநொச்சியிலும். அந்தக் கிளிநொச்சி நாளில் தன் மகனை, ஓர் இளம் அதிகாரியை, இழந்தவர் கண்டியைச் சேர்ந்த விசாகா தர்மதாச. உடலும் இல்லை, செய்தியும் இல்லை. அவர் வீட்டில் இருந்து அழவில்லை. தன்னைப் போன்ற பெற்றோரைச் சேர்த்து அமைப்பாக்கினார். படையினர் அடையாளத் தகடு அணிய வேண்டும் என்று தன் அரசைக் கேட்டார். வன்னிக்கு வந்து புலிகளோடும் பேசினார். பிள்ளையை இழந்த தமிழ்த் தாய்மாரைத் தேடிப் போனார். இயக்கப் பிள்ளைகள் கழுத்தில் இலக்கம் பொறித்த தகடு கட்டியிருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். தன் மகன் கழுத்தில் அப்படி ஒன்று ஏன் இல்லை என்று ஒரு தாய் கேட்டது, இந்தப் போரில் எந்தத் தளபதியும் கேட்ட கேள்வியை விடப் பெரியது என்று எனக்குப் படுகிறது.

வேலைக்கு வருவோம். ஒரு பாடவேளை போதாது, இரண்டு எடுங்கள். முதல் நாள் கதையைச் சொல்லாதீர்கள். கரும்பலகையில் ஏ9-ஐக் கீறி மாங்குளம், கொக்காவில், முறிகண்டி, கிளிநொச்சி குறியுங்கள். இடையில் எத்தனை மைல், பஸ்ஸில் எவ்வளவு நேரம், காட்டுக்குள்ளால் காயக்காரனைத் தூக்கிக்கொண்டு நடந்தால் எவ்வளவு நேரம் என்று பிள்ளைகளே கணக்குப் பார்க்கட்டும். தண்ணீரை அவர்களே பங்கிடட்டும். வெளியேறுவதா, இருப்பதா என்று ஆளுக்கொரு முடிவு எழுதட்டும். பிறகு யார் என்ன முடிவெடுத்தார் என்று சொல்லுங்கள். இரண்டாம் நாள் மேலே இருந்தவர்களைப் பற்றிய கேள்விகள். அதன் பிறகு நம் பக்கம். புத்திசாலிப் பிள்ளை ஒன்று கட்டாயம் எழும்பி, "சேர், அவர் இருந்திராட்டி காயக்காரரை எங்கட ஆக்கள் என்ன செய்திருப்பினம்?" என்று கேட்கும். ஜூன் 11-ஐச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் அதற்குப் பதில் சொல்லத் தயாராக இருக்க வேண்டும். "தெரியாது" என்று நழுவக் கூடாது.

பயம் எனக்கும் தெரியும். 1979-இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் இன்னும் வகுப்பறைக் கதவடியில் நிற்கிறது. யார் என்ன சொன்னார்கள் என்று விசாரிக்கிறவர்களும் நிற்கிறார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள்: சாலிய அலதெனியவைப் பற்றிப் பாடம் நடத்தியதற்காக எந்தப் புலனாய்வாளரும் உங்கள் வீட்டுப் படலையைத் தட்டமாட்டார். சிங்கள மகா வித்தியாலயங்களில் எப்படி நடத்துகிறார்களோ அப்படி நடத்துகிறேன் என்று சொல்லலாம். அந்த ஒரு கதவால் நுழைந்து 1990 முழுவதையும் உள்ளே கொண்டுவர முடியும். இது தந்திரமா என்று கேட்டால், கொஞ்சம் தந்திரம்தான்.

கண்டியிலோ குருநாகலிலோ உங்களுக்குத் தெரிந்த வரலாற்று ஆசிரியர் ஒருவர் இருந்தால், பிள்ளைகள் எழுதிய பத்துக் கட்டுரைகளைச் சிங்களத்தில் பெயர்த்து அவருக்கு அனுப்புங்கள். பதிலுக்குக் கனகபுரத்தைப் பற்றி அவர் வகுப்பு எழுதட்டும் என்று கேளுங்கள். மறுத்தால் மறுக்கட்டும், கேட்டதற்கு ஒரு கடிதம் கையில் இருக்கும்.

களப்பயணம் போவதானால் இரண்டாம் தவணையில், ஜூலையில் போங்கள். ஒரே நாளில் காலையில் கற்சிலைமடு, மத்தியானம் கொக்காவில் முடித்துவிடலாம். மாங்குளம் வழியாக வீதி நல்லது. வலயக் கல்விப் பணிமனைக்கு எழுதும் அனுமதிக் கடிதத்தில் இடங்களின் பெயரை மட்டும் போடுங்கள். நோக்கம் என்ற இடத்தில் 'பாடத்திட்டம் சார்ந்தது' என்று எழுதினால் போதும். அதற்குமேல் யாரும் கேட்பதில்லை.

அன்புடன்,
உங்கள் தொழிலிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர்
மாங்குளம்